லூட்விக், லூயி, குளோவிஸ்: ஒரே பெயரா? பொருள் என்ன?

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்ட மலருக்குப் பேத்தோவன் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். அவருடைய முதற்பெயரைப் பற்றி ஒரு பத்தி வைக்கலாம் என்று தொடங்கினால் அது நீண்டுகொண்டே போகிறது. 1770 டிசம்பர் 17 அன்று பான் நகரில் அவருக்கு ஞானஸ்நானம். பதிவேட்டில் இலத்தீன் வடிவம், லுடோவிகஸ். வீட்டில் லூட்விக். பிற்பாடு இசைத்தாள்கள் அச்சானபோது இத்தாலிய முகப்பு என்றால் லூயிஜி வான் பேத்தோவன், பிரெஞ்சு முகப்பு என்றால் லூயி வான் பேத்தோவன். இவை எல்லாம் உண்மையிலேயே ஒரே பெயர்தானா, இல்லை ஒலி கொஞ்சம் ஒத்துப்போவதால் மாற்றிப் போட்டுக்கொண்டார்களா?

பொருளிலும் குழப்பம். குழந்தைப் பெயர்த் தளங்களில் ‘புகழ்பெற்ற போர்வீரன்’ என்று போட்டிருக்கிறார்கள். வேறொரு இடத்தில் ‘மக்களின் போர்’. எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெக்கர்க்கரை:
ஒரே பெயர்தான். மாற்றிப் போட்டதல்ல, ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. நான் இருப்பது லூட்விக்ஸ்பூர்க்குக்குப் பக்கத்தில். அந்த ஊருக்குப் பெயர் வந்ததே எபர்ஹார்ட் லூட்விக் என்ற வூர்ட்டெம்பெர்க் கோமகனால். அதனால் இந்தப் பெயரைத் தினமும் சாலைப் பலகையில் பார்க்கிறேன்.

பழைய ஜெர்மானியத்தில் இது இரண்டு துண்டு. முதல் துண்டு ‘ஹ்லூத்’. உரக்கக் கேட்கிற, நாலு பேர் காதில் விழுந்த, அதனால் புகழுடைய என்று பொருள் விரியும். ஆங்கிலத்தில் சத்தத்துக்குச் சொல்கிற ‘லௌட்’ இதே சொல்தான். ஜெர்மனிலும் ‘லௌட்’ என்றுதான் இன்று சொல்கிறார்கள். இரண்டு மொழியிலும் முன்னால் இருந்த ஹகர ஒலி உதிர்ந்துவிட்டது.

இரண்டாம் துண்டு ‘வீக்’, போர். இது இன்றைய ஜெர்மனில் தனிச்சொல்லாக இல்லை. வைகண்ட் என்றொரு குடும்பப் பெயர் இங்கே உண்டு, போராளி என்று பொருள். அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஹார்ட்விக், ஹெட்விக் போன்ற பெயர்களின் கடைசியிலும் இருப்பது அதுவே.

‘மக்களின் போர்’ தவறு. அது ஏன் வந்தது என்று அப்புறம் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

தொல்சுவடி:
நெக்கர்க்கரை சொன்னதற்கு மேல் கொஞ்சம் வரலாறு. இந்தப் பெயரை ஐரோப்பாவில் பெரிய பெயராக்கியவர் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் அரசர் குளோவிஸ். சுமார் 481இல் பட்டத்துக்கு வந்தார். 486இல் சுவாசோனில் ரோமானிய ஆட்சியாளர் சியாக்ரியஸைத் தோற்கடித்தார். ரைம்ஸ் நகர ஆயர் ரெமிஜியுஸ் கையால் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றார். 507இல் வூயேயில் விசிகோத்துகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தாரை வென்றார். 511இல் பாரிஸில் இறந்தார்.

அவரைக் குளோவிஸ் என்பது பிற்காலப் பிரெஞ்சு வழக்கு. தூர் நகர ஆயர் கிரிகோரி 6ஆம் நூற்றாண்டில் எழுதிய இலத்தீன் வரலாற்றில் அவர் ‘க்ளோடோவெக்குஸ்’. பிராங்கிய மொழியில் அந்த ஹகரம் தொண்டைக்குள்ளிருந்து கரகரப்பாக வந்தது. இலத்தீன் எழுத்தர்கள் அதை ‘ச்’ ‘ஹ்’ இரண்டையும் சேர்த்து எழுதிவைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அதைக் ககரமாகப் படித்தார்கள். பேச்சில் அந்த ஒலி மெலிந்து மறைந்த பிறகு அதே பெயர் ‘லோ’வில் தொடங்கி, நடுவிலிருந்த மெய்களும் தேய்ந்து, லூயி ஆனது.

ஆகவே பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரே பெயர் இரண்டு உருவில் இருக்கிறது. பழைய ஏட்டிலிருந்து எடுத்த குளோவிஸ் ஒன்று. வாயிலிருந்து வாய்க்கு வந்த லூயி இன்னொன்று. லூயி என்ற பெயரில் பதினெட்டாம் லூயி வரை எண்ணுகிறார்களே, அந்த எண்ணிக்கை பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் மகனிலிருந்து தொடங்குகிறது. குளோவிஸை அதில் சேர்ப்பதில்லை.

சொல்லேர்:
நல்ல விளக்கங்கள். ஆனால் ‘பொருள் என்ன’ என்ற கேள்வியில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இதை விரிவாகவே சொல்கிறேன், பெயர்த் தளங்கள் எல்லாம் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஜெர்மானிய மக்களிடம் இரு துண்டுப் பெயர் வைப்பது ஒரு முறை. முன் துண்டுகள் ஒரு தொகுதி, பின் துண்டுகள் ஒரு தொகுதி. இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துச் சேர்ப்பார்கள். எதை எடுப்பது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் குடும்பம். அப்பா பெயரில் ஒரு துண்டு, தாத்தா பெயரில் ஒரு துண்டு, அல்லது குறைந்தது அதே எழுத்தில் தொடக்கம்.

குளோவிஸ் குடும்பத்தையே பாருங்கள். அவர் அப்பா பெயர் கில்டெரிக். பிள்ளைகளில் மூவர் க்ளோடோமேர், கில்டெபெர்ட், க்ளோத்தார். இரண்டு பேருக்கு அப்பாவின் முன் துண்டு, ஒருவருக்குத் தாத்தாவின் முன் துண்டு.

இங்கிலாந்தில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டன், 1095இல் இறந்தவர். அவர் அப்பா ஏதெல்ஸ்டன், அம்மா வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து முன்பாதி, அப்பாவிடமிருந்து பின்பாதி. அவருடைய வாழ்க்கை வரலாறே இதைச் சொல்கிறது. வுல்ஃப் என்றால் ஓநாய், ஸ்டன் என்றால் கல். இப்போது ‘வுல்ஃப்ஸ்டன் என்றால் ஓநாய்க்கல்’ என்று பொருள் எழுதினால் என்ன பயன்? அப்படி ஒரு பொருளை நினைத்து யாரும் வைக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்தது பிள்ளை, அவ்வளவுதான்.

இந்த முறை சில நேரம் பொருளே இல்லாத சேர்க்கையைக் கொடுக்கும். ஹில்டெகுண்ட் என்ற பெண் பெயரில் ஹில்ட் என்றாலும் போர், குண்ட் என்றாலும் போர். ஹெட்விக் அப்படியே, போரும் போரும். 6ஆம் நூற்றாண்டு பிராங்கிய அரசி ஃபிரெடெகுண்ட் பெயரில் முதல் பாதி அமைதி, இரண்டாம் பாதி போர். ‘அமைதியான போர்’ என்று மொழிபெயர்ப்பதா? ஆகவே லூட்விக் என்பதற்குப் ‘புகழ்’, ‘போர்’ என்று துண்டுகளின் பொருளைத் தனித்தனியே சொல்லலாம். அவற்றை ஒட்டி ‘புகழ்பெற்ற போர்வீரன்’ என்று வாக்கியமாக்கக் கூடாது. வீரன் என்ற சொல்லோ பெயருக்குள்ளேயே இல்லை.

பொருநைக்கரை:
சொல்லேர் ஐயா, இது எனக்குப் புதிது. மிக்க நன்றி. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. ஓர் அரசன் தன் பிள்ளைக்குப் ‘புகழ்’, ‘போர்’ என்று வரும் பெயரை வைக்கிறான். அந்தச் சொற்கள் அன்றைக்கு வழக்கில் இருந்த சொற்கள். கேட்டவர்கள் மனதில் பொருள் தோன்றாமல் இருந்திருக்குமா?

தொல்சுவடி:
தோன்றியது. நேரடிச் சான்றே இருக்கிறது.

சார்லமேனின் மகன் லூயி, ‘பக்தர்’ என்று பட்டம் பெற்றவர், 814இல் பேரரசரானார். அவர் காலத்தில் எர்மோல்டுஸ் நிகெல்லுஸ் என்றொரு கவிஞர். ஏதோ காரணத்தால் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு நாடு கடத்தப்பட்டார். மன்னிப்புக் கிடைக்க வேண்டும் என்று 820களில் பேரரசரைப் புகழ்ந்து இலத்தீனில் நீண்ட கவிதை பாடினார். அதில் பேரரசரின் பெயரைப் பிரித்துப் பொருளும் சொல்கிறார்: ‘ஹ்லூத்தோ’ என்றால் பெயர்பெற்றது, ‘விக்’ என்றால் மார்ஸ், அதாவது போர்க்கடவுள். பெயர் இப்படித்தான் அமைந்தது என்று விளக்குகிறார்.

ஏறக்குறைய 1200 ஆண்டு பழைய பெயர் விளக்கம் இது. இன்றைய சொற்பிறப்பு நூல்கள் சொல்வதும் இதையே. அன்றைய மக்களுக்குத் துண்டுகளின் பொருள் நன்றாகவே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. சொல்லேர் சொல்லும் அந்தத் தொகுதியில் என்னென்ன சொற்கள் இருந்தன என்று கவனிக்க வேண்டும். போர், வெற்றி, புகழ், வேல், படை, ஓநாய், கரடி, காகம், கடவுள், ஆட்சி. உழவும் உணவும் பாண்டமும் அதில் இல்லை. எதைச் சேர்க்கிறோம் என்பது குடும்ப மரபாக இருக்கலாம். எவை சேரத் தகுந்தவை என்பதைச் சமூகத்தின் மதிப்பீடு முடிவு செய்திருக்கிறது. பொருளே பார்க்கவில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சொல்லேர்:
எர்மோல்டுஸ் அருமையான சான்று, மறுக்கவில்லை. ஆனால் அவர் பெயர் வைத்தவர் அல்ல, வைத்த பெயரைப் பிற்பாடு பாடியவர். அதுவும் மன்னிப்பு வேண்டி நின்றவர். புகழ்வதற்குப் பெயரில் என்ன கிடைக்கும் என்று தேடியிருப்பார்.

அந்தக் குழந்தைக்கு 778இல் பெயர் வைத்தபோது நடந்ததைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. சார்லமேன் வம்சத்தில் அதுவரை கார்ல், பிப்பின், கார்ல்மான் என்றுதான் திரும்பத் திரும்ப வரும். குளோவிஸ், க்ளோத்தார் எல்லாம் முந்தைய மெரோவிஞ்சிய வம்சத்தின் பெயர்கள். அந்த வம்சத்தின் கடைசி அரசனை 751இல் இறக்கிவிட்டு அரியணையில் ஏறியவர் சார்லமேனின் அப்பா பிப்பின்தான். 27 ஆண்டுகள் கழித்து சார்லமேனுக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஒருவனுக்கு ஹ்லூத்விக், மற்றவனுக்கு ஹ்லோத்தார். இறக்கிவிட்ட வம்சத்தின் இரண்டு பெரிய பெயர்கள்! லோத்தார் சிசுவாகவே இறந்துவிட்டான்.

இது தற்செயல் அல்ல. ‘நாங்கள் அபகரித்தவர்கள் அல்ல, குளோவிஸின் தொடர்ச்சி’ என்று தொட்டிலிலேயே அறிவிக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அன்று இருந்த பொருள் குளோவிஸ் என்ற மனிதர். புகழும் போரும் அதற்குப் பின்னால்தான். பெயரின் பொருள் என்பது யாருடைய பெயர் அது என்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெக்கர்க்கரை:
இந்த விவாதத்துக்கு பேத்தோவனே சாட்சி. அவருடைய தாத்தா பெயரும் அதேதான். இன்றைய பெல்ஜியத்திலுள்ள மெக்கெலனில் 1712இல் பிறந்தவர், அங்கே லோடெவெய்க். பான் அரசவையில் இசைக்குழுத் தலைவராக உயர்ந்த பிறகு லூட்விக். 1770இல் பேரனுக்கு ஞானத்தந்தையாக நின்றதும் அவரே. அதற்கு முந்தைய ஆண்டு பிறந்த மூத்த குழந்தைக்கும் லூட்விக் மரியா என்று வைத்திருந்தார்கள், ஆறே நாளில் இறந்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கு மறுபடி அதே பெயர். அந்த வீட்டில் அது தாத்தாவின் பெயர். அவர் முன்னால் நிற்கும்போது ஹ்லூத், வீக் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

சரி, காலையில் விட்டதைச் சொல்கிறேன். ‘மக்கள்’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது? பழைய ஜெர்மனில் ‘லியுத்’ என்று இன்னொரு துண்டு உண்டு, மக்கள் என்று பொருள். லியோபோல்ட், லூயிட்போல்ட் என்ற பெயர்களில் இருப்பது அது: மக்கள், துணிவு. ஹகரம் உதிர்ந்த பிறகு ஹ்லூத்தும் லியுத்தும் நெருங்கி வந்துவிட்டன. சில பெயர்களில் எது எது என்று பிரிக்கவே முடியாது. லூதர் என்ற பெயர் அப்படிப்பட்டது. லோத்தாரின் வடிவமாகவும் இருக்கலாம், லியுத்தோடு படை சேர்ந்த பெயராகவும் இருக்கலாம். மார்ட்டின் லூதரின் வீட்டுப் பெயர் முதலில் லூடர் என்றே இருந்தது. அவர் 1517 வாக்கில் தன்னை எலியுதேரியுஸ் என்று கிரேக்கமாகக் கையெழுத்திட்டார், விடுதலை பெற்றவன் என்று பொருள். அந்தத் தகர ஒலி அவர் பெயரில் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

ஆனால் லூட்விக் விஷயத்தில் சந்தேகம் இல்லை. பழைய எழுத்துகளில் ஹகரம் பளிச்சென்று இருக்கிறது. 881இல் சோக்கூரில் வைக்கிங்குகளை வென்ற மூன்றாம் லூயியைப் பற்றிப் பழைய ஜெர்மனில் ஒரு பாட்டு உண்டு. அதன் முதல் வரியிலேயே அரசன் பெயர் ‘ஹ்லூத்விக்’ என்று ஹகரத்தோடு வருகிறது. லியுத்துக்கு முன்னால் ஹகரம் வர வழியே இல்லை.

தொல்சுவடி:
அந்தப் பாட்டில் இன்னொரு விசேஷம், வென்றவர் மேற்குப் பிராங்கிய அரசர், இன்றைய பிரான்ஸ் பக்கம். பாடியது ஜெர்மன் மொழியில்.

பெயர் இரண்டு மொழிக்காரர்களிடமும் ஒன்றாக இருந்ததற்கு இன்னும் பழைய சாட்சி 842இன் ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழி. பக்தர் லூயியின் பிள்ளைகளில் இருவர், ஜெர்மானிய லூட்விக்கும் வழுக்கை சார்லஸும், அண்ணன் லோத்தாருக்கு எதிராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் படைக்கு மற்றவர் பேச்சு புரிய வேண்டுமே. லூட்விக் ரோமானிய வழக்கிலும் சார்லஸ் ஜெர்மானிய வழக்கிலும் சத்தியம் செய்தார்கள். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்து வடிவம் என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். அதில் இரண்டு மொழியிலும் லூட்விக் பெயர் வருகிறது, எழுத்தில் சின்ன வேறுபாடு மட்டும். லூயி தனி, லூட்விக் தனி என்று ஆவதற்கு முந்தைய நிலையை அங்கே கண்ணால் பார்க்கலாம். மறு ஆண்டு வெர்டன் உடன்படிக்கை, பேரரசு மூன்றாகப் பிரிந்தது. லோத்தாரின் பிள்ளை, அவன் பெயரும் லோத்தார், ஆண்ட பகுதியே லொரேன். அதே ‘ஹ்லூத்’ ஒரு வட்டாரத்தின் பெயருக்குள்ளும் இருக்கிறது.

ஆதன்:
இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். ஹ்லூத் என்றால் சத்தம், கேட்பது, புகழ். தமிழில் ‘ஒலி’ இருக்கிறது. ‘இசை’ என்ற சொல்லுக்கு ஓசை, புகழ் இரண்டு பொருளும் உண்டு. ‘இசைபட வாழ்தல்’ என்று குறளிலேயே இருக்கிறது. ஒலி, ஹ்லூத் இரண்டிலும் லகரமும் உண்டு. இங்கிருந்து அங்கே போயிருக்க வாய்ப்பில்லையா?

சொல்லேர்:
ஆதன், ‘இசை’ பற்றி நீங்கள் சொன்னது அழகான ஒற்றுமை. காதில் விழுவதே புகழ் என்று இரண்டு மக்களும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள். அது கருத்தின் ஒற்றுமை. சொல் உறவு என்று நிறுவ வேண்டுமானால் ஒலிகள் ஒழுங்காகப் பொருந்த வேண்டும், ஒரு லகரம் போதாது.

ஹ்லூத்தின் உறவினர்கள் யார் என்று நன்றாகத் தெரியும். இந்தோ ஐரோப்பிய மொழிகளில் ‘கேள்’ என்ற பொருளில் ஒரு வேர். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ககரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ஹகரம் வரும், இது விதி. இலத்தீன் ‘கென்டும்’, ஜெர்மன் ‘ஹுண்டர்ட்’, இரண்டும் நூறு. அதே விதிப்படி கிரேக்கத்தில் ‘க்ளுதோஸ்’, இலத்தீனில் ‘இன்க்ளுதுஸ்’, ஜெர்மானியத்தில் ‘ஹ்லூத்’. மூன்றும் புகழுடைய என்பதே. சமஸ்கிருதத்தில் அந்தக் ககரம் சகரமாகி ‘ச்ருத’. நாம் சுருதி என்று சொல்கிறோமே, அதன் வேர்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. மகாபாரதத்தில் திரௌபதியின் பிள்ளைகளில் ஒருவன் ச்ருதசேனன். ச்ருத, புகழ் கேட்ட. சேனை, படை. லோத்தார் என்ற பெயரைப் பிரித்தால் ஹ்லூத், புகழ் கேட்ட. ‘ஹரி’, படை. முன் துண்டு இரண்டிலும் ஒரே வேர், பின் துண்டு வேறு சொல் ஆனால் அதே பொருள். கிரேக்கத்தில் பெரிக்ளீஸ், ஹெராக்ளீஸ் என்று முடிவதும் இதே வேரின் புகழ். போலந்துப் பெயர் போலெஸ்லாவ் கடைசியிலும் அதுவே. இரண்டு துண்டு சேர்த்து, ஒன்றில் புகழை வைத்துப் பெயரிடுவது ஜெர்மானியரின் கண்டுபிடிப்பு அல்ல. அவர்களுக்கும் முந்தைய பொதுச் சொத்து.

ஆதன்:
ச்ருதசேனன் எடுத்துக்காட்டு ஒன்றே போதும் ஐயா. சத்ருக்னன் மனைவி சுருதகீர்த்தி பெயரில் இரண்டு பாதியும் புகழ்தானே? நீங்கள் சொன்ன ஹில்டெகுண்ட் மாதிரி.

சொல்லேர்:
அதேதான். நல்ல கண்.

பனைநிழல்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கத்துக் கத்தோலிக்கருக்குள் அலோசியஸ் என்ற பெயர் நிறைய. காலியில் 1895இல் தொடங்கின புனித அலோசியஸ் கல்லூரி இருக்கு, மங்களூரில் 1880இல் தொடங்கினது ஒன்று. இதுவும் லூட்விக்தான் என்று ஒரு சாமியார் சொல்லக் கேட்டிருக்கிறன். உண்மையோ? தமிழில் நாங்கள் அந்தப் புனிதரை ஞானப்பிரகாசியார் என்றுதான் சொல்லுவம். ஞானப்பிரகாசம் என்ற பெயர் எத்தனையோ வீட்டில் இருக்கு. அதுக்கும் புகழ், போர் என்றதுக்கும் ஒரு தொடர்பும் தெரியேல்லையே.

தொல்சுவடி:
பனைநிழல், புனிதர் விஷயத்தில் உறுதியாகச் சொல்லலாம். அவர் இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, லூயிஜி கொன்சாகா. பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். ரோமில் கொள்ளைநோய் பிடித்தவர்களுக்குப் பணிவிடை செய்து, 1591இல் 23 வயதில் இறந்தார். 1726இல் புனிதர் பட்டம். வீட்டில் அவர் லூயிஜி, அதாவது லூட்விக்கின் இத்தாலிய வடிவம். இலத்தீனில் அலோய்சியுஸ். ஆகவே இவரைப் பொறுத்தவரை அலோசியஸ், லூயி, லூட்விக் மூன்றும் ஒரே மனிதரின் ஒரே பெயர்.

அலோய்ஸ் என்ற வடிவம் தென் பிரான்சின் ஒக்சிதான் மொழி வழியாக வந்தது என்பது பொதுவான கருத்து. ‘அல்’ (முழுதும்), ‘வீஸ்’ (அறிவுடைய) என்ற இரண்டு ஜெர்மானியத் துண்டுகளிலிருந்து வந்த வேறு பெயர் அது, பிறகு லூயியோடு கலந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அலோய்ஸ் பரவியதற்கு இயேசு சபையும் இந்தப் புனிதரும்தான் காரணம்.

தமிழில் ஞானப்பிரகாசியார் என்பது ஒலியை மொழிபெயர்த்ததல்ல. அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்று புனிதர்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்த மரபில் வந்தது. அதில் போரைத் தேட வேண்டாம்.

பனைநிழல்:
விளங்குது. அப்ப இலங்கையில் அல்விஸ் என்று குடும்பப் பெயர் இருக்கே, அதுவும் அலோய்ஸோ?

தொல்சுவடி:
அது வேறு. போர்த்துகீசிய அல்வெஸ், அதாவது அல்வாரெஸ், அல்வாரோவின் மகன். ஆனால் சுவாரசியம் என்னவென்றால் அல்வாரோவும் ஜெர்மானியப் பெயர்தான், விசிகோத்துகள் ஐபீரியாவுக்கு, அதாவது ஸ்பெயின், போர்த்துகல் பக்கம் கொண்டுபோனது. குளோவிஸ் 507இல் தோற்கடித்தாரே, அதே விசிகோத்துகள்.

பொருநைக்கரை:
எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ் என்று இருப்பவை?

தொல்சுவடி:
மூன்றுமே அந்தக் கூட்டம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வந்தவை. ரொட்ரிகோவில் ‘ஹ்ரோத்’, ‘ரீக்’: புகழ், ஆட்சி. இந்த ‘ஹ்ரோத்’தும் புகழ் என்பதால் ஹ்லூத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள், வேறு சொல். ராபர்ட், ரோலண்ட், ருடால்ஃப் எல்லாம் அதன் பிள்ளைகள். குளோவிஸின் மனைவி க்ளோதில்டின் பெயரில்கூடப் பழைய எழுத்தைப் பார்த்தால் இருப்பது ஹ்ரோத். பெர்னாண்டோவுக்குத் தனி இழையே தொடங்கலாம். அதன் முதல் துண்டு பாதுகாப்பா, பயணமா என்று இன்னும் வாதிடுகிறார்கள்.

நம் கடற்கரையில் லூயி பெயர் நின்றது புதுச்சேரியில். பதினான்காம் லூயி காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு லூயி கோட்டை என்று பெயர். 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்ததும் இடித்துப் போட்டார்கள். அமெரிக்காவின் லூசியானாவும் அதே அரசர் பெயரால் 1682இல் வந்தது. மிசௌரியின் செயின்ட் லூயிஸ் மட்டும் வேறு, 1297இல் புனிதரான ஒன்பதாம் லூயி.

நெக்கர்க்கரை:
அந்த ஒன்பதாம் லூயியால் பெயர் ஜெர்மனிக்குத் திரும்பி வந்த கதையையும் சொல்ல வேண்டும். அவர் திருநாள் ஆகஸ்ட் 25. 1786இல் அதே நாளில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு பவேரியக் குழந்தை பிறந்தது, அப்பா பிரெஞ்சுப் படையில் அதிகாரி. ஞானத்தந்தை யார் தெரியுமா? பிரான்சின் பதினாறாம் லூயி. அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தை பின்னாளில் பவேரியாவின் முதலாம் லூட்விக். 1810இல் அவர் திருமணக் கொண்டாட்டம்தான் மியூனிக் அக்டோபர் விழாவின் தொடக்கம். ரைன் கரையில் லூட்விக்ஸ்ஹாஃபன் நகரமும் அவர் பெயரில்.

1845இல் அவருக்கு ஒரு பேரன், அதே ஆகஸ்ட் 25. ஓட்டோ என்று பெயரிட இருந்தார்கள். தாத்தா விடவில்லை, தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை கட்டிய இரண்டாம் லூட்விக் அவர். ஜெர்மானியக் காட்டில் பிறந்த பெயர், பிரெஞ்சு அரண்மனை சுற்றி, ஒரு புனிதரின் திருநாள் வழியாகப் பவேரியாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொல்லேர் சொன்னதை இது இன்னும் வலுவாக்குகிறது என்று நினைக்கிறேன்.

தொல்சுவடி:
பிற்காலத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். துண்டுகளின் பொருள் மங்கிப்போன காலம் அது. 9ஆம் நூற்றாண்டுக்கு என் கருத்தில் மாற்றமில்லை. எர்மோல்டுஸ் பாடியதைப் பேரரசரும் அவையும் புரிந்துகொண்டு ரசித்திருப்பார்கள். பெயருக்குள் போர் கேட்டது.

பொருநைக்கரை:
இரண்டு கருத்தையும் கட்டுரையில் வைக்கிறேன். துண்டுகளின் பொருளைத் தனித்தனியே சொல்லி, வாக்கியமாக்காமல் விடுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: தமிழில் எப்படி எழுதுவது? லுட்விக், லுத்விக், லூட்விக், லூட்விஷ் எல்லாம் பார்க்கிறேன்.

நெக்கர்க்கரை:
முதல் உயிர் நெடில், அதனால் ‘லூ’ வேண்டும். கடைசி ஒலிதான் சிக்கல். ஜெர்மனின் பொது உச்சரிப்பில் சொல்லிறுதி ‘இக்’ என்பது ‘இஷ்’ஷுக்கு நெருங்கிய மெல்லிய ஒலி, நம் ஷகரம் அளவுக்குத் தடிமன் இல்லை. தெற்கே பவேரியா, ஆஸ்திரியாவில் தெளிவாக ‘விக்’. பவேரியர்கள் செல்லமாக விக்கர்ல் என்று கூப்பிடுவதும் அந்த வழிதான். பேத்தோவன் பாதி வாழ்க்கைக்கு மேல் வியன்னாவில் வாழ்ந்தவர், அங்கே அவர் காதில் விழுந்தது ‘லூட்விக்’. தமிழ் எழுத்துக்கும் அதுவே பொருந்தும். அப்படியே எழுதுங்கள்.

பனைநிழல்:
செல்லப்பெயர் என்றதும் ஞாபகம் வந்தது. பனிச்சறுக்கு நடனத்தில் லுட்ஸ் என்று ஒரு துள்ளல் இருக்கே, அதுக்கும் இதுக்கும் தொடர்போ?

நெக்கர்க்கரை:
இருக்கிறது. லுட்ஸ் என்பது லூட்விக்கின் பழைய சுருக்கம், குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டது. 1913இல் அந்தத் துள்ளலை முதலில் செய்த வியன்னாக்காரர் பெயர் அலோய்ஸ் லுட்ஸ். தொல்சுவடி சொன்ன பொதுவான கருத்துப்படி பார்த்தால் அவருடைய இரண்டு பெயருமே லூட்விக்தான்.